அன்று மட்டும் அப்படி நடந்திராவிட்டால்: விஞ்ஞானப் புனைகதை எழுதிய பேராசிரியர் ஜயந்த் நார்லிகர்

முசலியில் இரவு வானம் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அரிப்புக் கடற்கரையில், முத்துக்குளிப்பைக் கண்காணிக்க ஆங்கிலேய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் கட்டிய டோரிக் மாளிகையின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் நின்றால், கொழும்பில் ஒருபோதும் காணமுடியாத அளவு நட்சத்திரங்கள் தெரியும். எங்கள் ஊரவர்கள் அந்த இடிபாட்டை அல்லிராணிக் கோட்டை என்றுதான் சொல்வார்கள். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம் அது என்று எத்தனை தடவை சொன்னாலும், அல்லிராணியை அங்கிருந்து இறக்க முடியாது. கதை கட்டுவதில் முசலி யாருக்கும் குறைந்ததல்ல.

அந்தக் கடற்கரையில்தான், உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பௌதிகவியல் அப்பியாசக் கொப்பியின் பின்பக்கங்களில் அவள் கதை எழுதுகிறாள். வேறொரு கிரகத்துக்கு இடம்பெயர்ந்துபோகும் ஒரு கிராமத்தின் கதை. வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். "முதலில் கம்பஸ் போ, பிறகு பார்ப்போம்" என்று கொப்பியை வாங்கி வைத்துவிட்டார்களாம்.

"அக்கா, கம்பஸில் படிப்பிக்கிற ஆக்கள் இப்படிக் கதை எழுதுவாங்களா? எழுதினால் மற்றவங்க மதிப்பாங்களா?"

எழுதுவார்கள், மதிப்பார்கள் என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் பெயர் சொல்லி, ஆண்டு சொல்லி விளக்க அன்று என்னால் முடியவில்லை. ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் விஞ்ஞானப் புனைகதை பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அதில் ஹொலிவூட் படங்கள்தான் இருந்தன. ஆகவே அவளுக்குத் தரவேண்டிய முழுமையான பதிலை இங்கே எழுதுகிறேன். அந்தப் பதிலின் பெயர் ஜயந்த் விஷ்ணு நார்லிகர்.

காசியில் இரண்டு கரும்பலகைகள்

நார்லிகர் 1938 ஜூலை 19 அன்று மகாராஷ்டிராவின் கோலாப்பூரில் பிறந்தார். வளர்ந்தது காசியில். தந்தை விஷ்ணு வாசுதேவ் நார்லிகர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையில் ஆராய்ச்சி செய்தவர். தாய் சுமதி சமஸ்கிருதம் கற்றவர். வீட்டுச் சுவரில் கரும்பலகைகள் இருந்தன. அவர்களுடன் தங்கியிருந்த மாமா ஒருவர், அவரும் கணிதக்காரர், சிறுவன் ஜயந்துக்கென்று கடினமான கணக்குகளை அதில் எழுதி வைப்பாராம். விடை கண்டுபிடிக்கும்வரை கணக்கு அழிக்கப்படாது.

1957 இல் அதே பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றுக்கொண்டு கேம்பிரிட்ஜ் சென்றார். 1959 இல் அங்கே கணிதத் தேர்வில் முதலிடம் பெறுபவருக்குரிய சீனியர் ராங்லர் என்ற சிறப்பு அவருக்குக் கிடைத்தது. 1963 இல் கலாநிதிப் பட்டம். மேற்பார்வையாளர் பிரெட் ஹொய்ல்.

ஆசான்: பிரெட் ஹொய்ல்

இந்தக் கதையில் ஹொய்ல் முக்கியமானவர். அவரும் பல்கலைக்கழக விரிவுரையாளர், அவரும் விஞ்ஞானப் புனைகதை நாவலாசிரியர்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படைக்காக ரேடார் ஆராய்ச்சியில் வேலை செய்த ஹொய்ல், 1945 இல் கேம்பிரிட்ஜில் கணித விரிவுரையாளரானார். 1958 இல் அங்கேயே பேராசிரியரானார். எங்கள் உடலிலுள்ள காபன், ஒட்சிசன், இரும்பு போன்ற மூலகங்கள் நட்சத்திரங்களுக்குள் எப்படிச் சமைந்தன என்பதை விளக்கியவர்களில் அவர் முதன்மையானவர். அந்தப் புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரை 1957 இல் வெளியானது. அதே ஆண்டில் அவரது முதல் நாவலான 'த பிளாக் கிளவுட்' நூலும் வெளியானது.

அந்த நாவலில் பெரியதொரு கருமுகில் விண்வெளியிலிருந்து வந்து சூரியனை மறைக்கிறது. பூமி உறையத் தொடங்குகிறது. பிறகுதான் தெரிகிறது, அந்த முகில் சிந்திக்கும் உயிர் என்று. விஞ்ஞானிகள் அதனுடன் பேச முயல்கிறார்கள். அரசாங்கங்கள் அணுகுண்டு ஏவுகின்றன. யுத்தம் பார்த்த எங்களுக்கு இந்தக் கதையின் நரம்பு எங்கே இருக்கிறது என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. பேசிப் பார்க்க வழியிருந்தபோதும் முதலில் ஆயுதத்துக்குக் கைபோகும் பழக்கத்தைப் பற்றியது அது.

ஹொய்லிடம் அந்தக் காலத்தில் இன்னொரு மாணவரும் இருந்தார். 1939 இல் கொழும்பில் பிறந்து, ரோயல் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் சென்ற சந்திரா விக்கிரமசிங்க. ஒருவர் காசியிலிருந்து, ஒருவர் கொழும்பிலிருந்து. இருவரும் ஒரே ஆசானிடம், ஒரே காலத்தில். விக்கிரமசிங்க பின்னர் கார்டிஃப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். உயிரின் விதைகள் விண்வெளியிலிருந்து வந்தன என்ற கொள்கையை ஹொய்லுடன் சேர்ந்து வளர்த்தார். பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் 2001 ஜனவரியில் ஹைதராபாத்திலிருந்து 41 கிலோமீற்றர் உயரம்வரை பலூன் அனுப்பிக் காற்றைச் சேகரித்து, அதில் நுண்ணுயிர் இருக்கிறதா என்று தேடிய இந்தியத் திட்டத்தில் நார்லிகரும் விக்கிரமசிங்கவும் சேர்ந்தே இருந்தார்கள். அதன் தொடர்ச்சியான 2005 ஆம் ஆண்டுப் பலூன் ஆய்வில் கிடைத்த புதிய பக்டீரியா இனம் ஒன்றுக்கு ஹொய்லின் பெயர் சூட்டப்பட்டது.

தோற்ற பக்கத்தில் நின்றவர்

விஞ்ஞானியாக நார்லிகரின் வாழ்க்கை வெற்றிக்கதை மட்டுமல்ல. அதையும் அந்த மாணவி தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரபஞ்சத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை, அது விரிய விரிய இடைவெளியில் புதிய பொருள் தோன்றிக்கொண்டே இருக்கிறது என்பது 1948 இல் ஹொய்லும் வேறு இருவரும் முன்வைத்த நிலைத்த நிலைக் கொள்கை. இதற்கு எதிரானது, ஒரு கணத்தில் எல்லாம் தொடங்கியது என்ற பெருவெடிப்புக் கொள்கை. வேடிக்கை என்னவென்றால், பெருவெடிப்பு என்ற பெயரையே 1949 இல் பிபிசி வானொலி உரையில் முதலில் பயன்படுத்தியவர் அதை ஏற்காத ஹொய்ல்தான்.

நார்லிகர் தன் ஆசானின் பக்கம் நின்றார். 1964 இல் இருவரும் சேர்ந்து ஈர்ப்புக்குப் புதிய கொள்கை ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு பொருளின் திணிவு அந்தப் பொருளுக்குள் மட்டும் இருப்பதல்ல, பிரபஞ்சத்திலுள்ள மற்றெல்லாப் பொருள்களாலும் தீர்மானிக்கப்படுகிறது என்பது அதன் அடிப்படை. லண்டன் ரோயல் சொசைட்டியில் ஹொய்ல் அதை விளக்கியபோது, சபையிலிருந்து எழுந்து அதிலுள்ள ஒரு கணிதச் சிக்கலைச் சுட்டிக்காட்டிய இளைஞர் ஸ்டீவன் ஹோக்கிங். அப்போது அவர் ஆராய்ச்சி மாணவர்.

1965 இல் இந்திய அரசு நார்லிகருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அப்போது அவருக்கு வயது 26. ஆனால் அதே ஆண்டில்தான் விண்வெளி எங்கும் பரவியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சைப் பென்சியாஸ், வில்சன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அது பெருவெடிப்பின் மிச்சச் சூடு என்று பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்டார்கள். நிலைத்த நிலைக் கொள்கை செல்வாக்கு இழந்தது. நார்லிகர் அதைக் கைவிடவில்லை. 1993 இல் ஹொய்ல், ஜெஃப்ரி பர்பிட்ஜ் ஆகியோருடன் சேர்ந்து அதைத் திருத்தி மீண்டும் முன்வைத்தார். கடைசிவரை சிறுபான்மையாகவே நின்றார்.

அவர் சொன்னது சரியா என்பதைத் தீர்மானிக்க நான் ஆளில்லை. இன்றைய சான்றுகள் பெருவெடிப்பின் பக்கமே அதிகம். நான் கவனித்தது வேறு. தன் கருத்துக்கு எதிராகச் சான்று குவியும்போது ஒரு மனிதர் கத்தாமல், யாரையும் துரோகி என்று சொல்லாமல், கணக்கை மறுபடி மறுபடி செய்துகொண்டிருந்தார். மாற்றுக் கருத்துக்கு என்ன விலை கொடுக்கவேண்டியிருந்தது என்பதை அறிந்த எங்கள் சமூகத்துக்கு, இது வாசித்துக் கடந்துபோகக்கூடிய சின்ன விசயம் அல்ல.

புனைபெயரில் வந்த முதல் கதை

1972 இல் நார்லிகர் கேம்பிரிட்ஜை விட்டு இந்தியா திரும்பி, பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். கதை எழுதத் தொடங்கியது அங்கே இருந்த காலத்தில்தான். அகமதாபாத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில், அலுப்பூட்டும் உரை ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தாளில் கதை எழுத ஆரம்பித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்துக்கும் அந்தத் தாளுக்கும் அதிக தூரமில்லை.

அந்தக் கதையின் பெயர் 'கிருஷ்ண விவர்'. கருந்துளை என்று பொருள். மராத்தி விஞ்ஞானப் பரிஷத் 1974 இல் நடத்திய கதைப் போட்டிக்கு அதை அனுப்பினார். ஆனால் சொந்தப் பெயரில் அல்ல. தன் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி, நாராயண் விநாயக் ஜக்தாப் என்று ஒரு பெயரை உருவாக்கினார். தன் கையெழுத்தை நடுவர்கள் அடையாளம் கண்டுவிடக்கூடும் என்று, மனைவி மங்களாவைக் கொண்டு பிரதி எடுத்து அனுப்பினார். மங்களா நார்லிகரும் கணித அறிஞர். கதைக்கு முதற்பரிசு கிடைத்தது. பிறகுதான் எழுதியவர் யார் என்று தெரியவந்தது.

பத்மபூஷண் பெற்ற ஒருவர் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்? புகழுக்காகப் பரிசு தந்துவிடக்கூடாது, கதைக்காகத் தரவேண்டும் என்பதற்காக. எங்கள் ஊர்களில் பெயரைப் பார்த்து, சாதியைப் பார்த்து, மதத்தைப் பார்த்து, எந்தப் பக்கத்து ஆள் என்று பார்த்து மேடையும் மாலையும் முடிவாவதைக் கண்டவர்களுக்கு இந்தச் சம்பவம் கொஞ்சம் ஆறுதல் தரும்.

அதன் பிறகு அவர் நிறுத்தவில்லை. 'யக்ஷாஞ்சி தேணகி' என்ற சிறுகதைத் தொகுதி, 'பிரேஷித்', 'வாமன் பரத் ந ஆலா', 'வைரஸ்', 'அபயாரண்ய' ஆகிய நாவல்கள் என்று மராத்தியில் தொடர்ந்து எழுதினார். சிலவற்றை ஆங்கிலத்திலும் தந்தார். ஆங்கிலத்தில் உலகத்தரமான ஆய்வு நூல்கள் எழுதிய ஒருவர், கதைக்குத் தாய்மொழியைத் தேர்ந்தெடுத்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கதைகளில் என்ன இருக்கிறது?

'வாமன் பரத் ந ஆலா' நாவலில், ஓர் ஆய்வுக்காக நிலத்தை ஆழத் தோண்டும்போது பழைய நாகரிகம் ஒன்று புதைத்துவைத்த பெட்டகம் கிடைக்கிறது. அதிலுள்ள அறிவைப் பின்பற்றி விஞ்ஞானிகள் குள்ள உருவமுள்ள இயந்திர மனிதன் ஒன்றைச் செய்கிறார்கள். மூவுலகையும் மூன்றடியில் அளந்த வாமனனின் பெயரை அதற்கு வைக்கிறார்கள். அந்த நாகரிகம் எப்படி அழிந்தது என்ற உண்மை பின்னர்தான் தெரிகிறது. செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று எல்லாரும் பேசுகிறோம். நார்லிகர் அந்த அச்சத்தை 1980களிலேயே, புராணப் பெயர் ஒன்றின் வழியாக, சாதாரண மராத்தி வாசகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்.

இன்னொரு கதையில் எரிமலைத் தூசு வானத்தை மறைத்து, பம்பாயில் பனி கொட்டுகிறது. மற்றொன்றில் துதிக்கை வலப்பக்கம் திரும்பிய பிள்ளையார் சிலை ஒன்றின் மர்மத்தைக் கண்ணாடி விம்பத்தின் கணிதத்தால் அவிழ்க்கிறார். 1985 அளவில் அவரது வால்வெள்ளிக் கதையொன்று திரைப்படமாகவும் வந்தது.

குறையும் உண்டு. நார்லிகரின் பாத்திரங்கள் பெரும்பாலும் விஞ்ஞானிகள், பெரும்பாலும் ஆண்கள். கதையின் நடுவில் ஒருவர் மற்றவருக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார். விரிவுரையாளர் சில இடங்களில் எழுத்தாளரைத் தள்ளிவிட்டு மேடையேறிவிடுகிறார் என்பது என் எண்ணம். ஆனால் விஞ்ஞானத்தைப் பிழையாகச் சொல்லிக் கதையைச் சுவையாக்கும் குறுக்குவழிக்கு அவர் போகவில்லை.

பானிபட்டும் முசலியும்

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கான உண்மையான காரணம் அவரது ஒரேயொரு கதை. மராத்தியில் கங்காதர் பந்தின் பானிபட் என்ற பொருளில் பெயர் கொண்டது. ஆங்கிலத்தில் 'த அட்வென்சர்' என்ற பெயரில் இந்தியாவின் 11 ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது.

1761 இல் நடந்த மூன்றாம் பானிபட் போரில் மராத்தியர் ஆப்கானியப் படையிடம் தோற்றார்கள். பேஷ்வாவின் மகன் விஸ்வாஸ்ராவ் குண்டடிபட்டு இறந்தது அந்தத் தோல்வியின் திருப்புமுனை. நார்லிகரின் கதையில், கங்காதர் பந்த் என்ற வரலாற்றுப் பேராசிரியர் புனேயிலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறுகிறார். இறங்கும் பம்பாய் வேறு பம்பாயாக இருக்கிறது. அங்கே கிழக்கிந்தியக் கம்பனி இன்னும் கடைவிரித்திருக்கிறது. நூலகத்துக்கு ஓடிப்போய்த் தான் எழுதிய வரலாற்று நூல்களையே புரட்டுகிறார். பானிபட் வரை எல்லாம் சரி. அங்கிருந்து வரலாறு மாறியிருக்கிறது. அந்தக் குண்டு விஸ்வாஸ்ராவைத் தவறவிட்டிருக்கிறது. மராத்தியர் வென்றிருக்கிறார்கள்.

பிறகு அவர் ஒரு பொதுக்கூட்ட மேடையில் ஏறிப் பேச முயல்கிறார். சனம் தக்காளியும் முட்டையும் எறிந்து விரட்டுகிறது. கண் விழிக்கும்போது தன் பழைய உலகத்தில் இருக்கிறார். சட்டைப்பையில் அந்த மற்ற உலகத்துப் புத்தகத்தின் கிழிந்த தாள் ஒன்று மட்டும். இது எப்படிச் சாத்தியம் என்பதை நண்பரான விஞ்ஞானி குவாண்டம் கொள்கையைக் கொண்டு விளக்குகிறார். ஓர் இலத்திரன் அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று அறுதியாகச் சொல்ல முடியாது. அப்படியானால் சாத்தியமான ஒவ்வொரு பாதையும் ஒவ்வோர் உலகமாக இருக்கக்கூடும்.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குப் பானிபட் மறந்துபோனது. நினைவுக்கு வந்தது எங்கள் திண்ணைப் பேச்சு.

முசலியில் எந்த வீட்டுத் திண்ணையில் இருந்தாலும் ஒரு கட்டத்தில் பேச்சு 'அன்று மட்டும்' என்ற இடத்துக்கு வந்துவிடும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முசலியின் முஸ்லிம் கிராமங்கள் வெறுமையாயின. கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனவர்கள் அங்கே இரண்டு தலைமுறை கண்டார்கள். அன்று மட்டும் அந்த அறிவிப்பு வராதிருந்தால். 2007 செப்டெம்பரில் இராணுவம் சிலாவத்துறையைக் கைப்பற்றிய நாட்களில் முள்ளிக்குளம் உள்ளிட்ட கிராமங்களின் தமிழ் மக்கள் வெளியேறினார்கள். யுத்தம் முடிந்தும் முள்ளிக்குளம் கடற்படையின் கையில் இருந்தது. ஊர்மக்கள் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டிருந்தார்கள். 2017 இல் தொடர்ந்து வீதியில் இருந்து போராடிய பிறகே காணியின் ஒரு பகுதி விடுவிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அன்று மட்டும் கடைசி பஸ்ஸில் ஏறாதிருந்தால். அன்று மட்டும் அவனைச் சந்திக்கு அனுப்பாதிருந்தால்.

ஒவ்வொரு 'அன்று மட்டும்' உம் ஒரு மாற்று உலகம். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கு அது நாளாந்த வதிவிடம். அவள் மகனுக்கு அந்த உலகில் வயது ஏறிக்கொண்டே இருக்கிறது. அவன் கல்யாணம் கட்டிவிட்டான். பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நார்லிகரின் கதை அந்த உலகத்தைக் கேலி செய்யவில்லை. அது சாத்தியம்தான் என்று கணிதத்தின் துணையோடு ஒப்புக்கொள்கிறது. ஆனால் இரண்டு விசயங்களையும் சேர்த்துச் சொல்கிறது. ஒன்று, வென்ற உலகத்திலும் எல்லாம் நன்றாக இருந்துவிடவில்லை. அங்கேயும் மாற்றுக் குரலுக்குத் தக்காளிதான் கிடைக்கிறது. இரண்டு, பேராசிரியர் அங்கேயே தங்கிவிட முடியாது. கையில் கிடைத்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு இந்த உலகத்துக்குத் திரும்பிவந்து, அதைச் சான்றாக மேசையில் வைக்கவேண்டும். எங்களுக்கும் அந்தத் தாள் முக்கியம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கடைசியாக எடுத்த புகைப்படம், முறைப்பாட்டு இலக்கம். கற்பனை எங்களைத் தாங்கும். நீதிக்குச் சான்று வேண்டும்.

சாத்திரமும் சான்றும்

சான்று பற்றிய இந்தப் பிடிவாதம் நார்லிகரின் பொதுவாழ்வு முழுவதும் இருந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் சோதிடத்தைப் பாடமாக்கும் முயற்சி 2001 இல் நடந்தபோது எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு வெறும் எதிர்ப்போடு நிற்காமல் ஒரு பரிசோதனையே நடத்தினார். மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தாபோல்கர் போன்றவர்களும் அதில் இணைந்தார்கள். படிப்பில் சிறந்த 100 பிள்ளைகளினதும் மூளை வளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகளினதும் சாதகங்கள் சேர்க்கப்பட்டன. எது யாருடையது என்று சோதிடர்களிடம் கேட்கப்பட்டது. பங்குபற்றி விடை அனுப்பிய 27 சோதிடர்களின் விடைகளில் சரியானவை 46 வீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 வீதம் வரும்.

காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்கள் சாத்திரம் கேட்கப் போவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். உயிரோடு இருக்கிறார், தெற்குத் திசையில் இருக்கிறார் என்று ஒரு வசனம் கேட்பதற்காகக் கடன்பட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறைசொல்லமாட்டேன். காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ ஆணைக்குழுக்களின் முன்னால் அந்தத் தாய்மார் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். பதில் சொல்லவேண்டியவர்கள் சொல்லாத இடத்தில்தான் சாத்திரக்காரர் கதிரை போட்டு அமர்கிறார். அந்த 46 வீதத்தை அவர்களுக்கு எதிராக அல்ல, அவர்களை அந்த வாசலுக்குத் தள்ளியவர்களுக்கு எதிராகவே வாசிக்கவேண்டும்.

மற்ற விரிவுரையாளர்கள்

நார்லிகர் தனி ஆள் அல்ல. ஐசாக் அசிமோவ் 1949 இல் பொஸ்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உயிர் இரசாயனவியல் கற்பிக்கச் சேர்ந்தார். நூல்கள் பெருகின. ஆராய்ச்சி குறைவு என்ற முரண்பாடு எழுந்து, 1958 முதல் சம்பளமில்லாமல் பதவிப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முழுநேர எழுத்தாளரானார். அதே பல்கலைக்கழகம் 1979 இல் அவரைப் பேராசிரியராக உயர்த்தியது. இந்தியாவில் பிறந்த வந்தனா சிங் அமெரிக்காவில் பௌதிகவியல் கற்பித்துக்கொண்டே விஞ்ஞானப் புனைகதை எழுதுகிறார். தமிழில் இந்த வகையை வீடுவீடாகக் கொண்டுபோன சுஜாதா விரிவுரையாளர் அல்ல, பொறியியலாளர். அவரது 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை எங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரியும்.

இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் விரிவுரையாளராக இருந்ததில்லை. ஆனால் 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். இலங்கையைத் தப்ரபேன் என்று பெயர்மாற்றி அவர் எழுதிய 'த பவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்' நாவல் 1979 இல் வெளிவந்தது. 2007 டிசம்பரில், தனது 90 ஆவது பிறந்தநாளையொட்டி, கிளார்க் மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுக்கிரக உயிருக்குச் சான்று கிடைக்கவேண்டும். உலகம் எண்ணெயை நம்பியிருப்பதை விடவேண்டும். மூன்றாவது, இலங்கையில் நிலையான சமாதானம் வரவேண்டும். அவர் அதைச் சொன்னபோது முசலி மக்கள் இடம்பெயர்ந்து மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. 2008 மார்ச்சில் அவர் காலமானார். வேற்றுக்கிரகவாசிகளுக்கு இணையான தூரத்தில் அவர் எங்கள் சமாதானத்தை வைத்துப் பார்த்திருக்கிறார் என்று நினைக்கும்போது சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

இன்று இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர எழுதிய 'த செயின்ட் ஒவ் பிரைட் டோர்ஸ்' நாவல், 2024 இல் அமெரிக்காவின் நெபியுலா விருதை வென்றிருக்கிறது. இனவாத வன்முறையும் முகாம்களும் கொண்ட ஒரு கற்பனை நாடு அதில் வருகிறது. இந்தத் தீவின் அனுபவம் இந்த வகை எழுத்துக்குள் நுழைந்துவிட்டது. தமிழில் நாங்கள் சாட்சியம் நிறைய எழுதியிருக்கிறோம். அது அவசியம், இன்னும் போதாது. ஆனால் நான் வாசித்த எங்கள் போர்க்கால எழுத்துகளில் வினைச்சொற்கள் பெரும்பாலும் இறந்தகாலத்திலேயே முடிகின்றன.

ஒரு தபாலட்டை

1988 இல் நார்லிகர் புனேயில் வானியல், வான்பௌதிகவியலுக்கான பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மையத்தின் முதல் பணிப்பாளரானார். 2003 வரை அதை வளர்த்தார். வசதி குறைந்த பல்கலைக்கழகங்களின் விரிவுரையாளர்களும் மாணவர்களும் வந்து தங்கி, நூலகத்தையும் கருவிகளையும் பயன்படுத்தி ஆராய்ச்சி செய்துவிட்டுத் தங்கள் ஊருக்கே திரும்பிப்போவது அதன் நோக்கம். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அங்கே சனிக்கிழமை விரிவுரைகள் நடந்தன. 1996 இல் யுனெஸ்கோவின் கலிங்கப் பரிசும், 2004 இல் பத்மவிபூஷணும், மராத்தியில் எழுதிய தன்வரலாற்றுக்காக 2014 இல் சாகித்திய அகாதெமி விருதும் அவருக்குக் கிடைத்தன. 2021 இல் நாசிக்கில் நடந்த அகில இந்திய மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டார். மாணவியின் இரண்டாவது கேள்விக்கு, மதிப்பார்களா என்ற கேள்விக்கு, இதுதான் பதில்.

2025 மே 20 அன்று புனேயில், 86 ஆவது வயதில் நார்லிகர் காலமானார்.

அவரைப் பற்றிச் சொல்லப்படுபவற்றில் எனக்கு மிகப் பிடித்தது சின்ன விசயம். பிள்ளைகள் கையொப்பம் கேட்டு வந்தால் அவர் போடமாட்டார். விஞ்ஞானத்தில் ஒரு கேள்வியைத் தபாலட்டையில் எழுதி அனுப்பு, பதிலை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புகிறேன் என்பார். அப்படியே அனுப்பியும் இருக்கிறார்.

சென்ற கிழமை அந்த மாணவியின் வீட்டுக்குப் போய் அவளது தாயாருடன் கதைத்தேன். நார்லிகரின் கதையைச் சொன்னேன். தாயார் நீண்டநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்துவந்து மகளிடம் கொடுத்தார். "சோதினை முடியுமட்டும் ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான்" என்றார்.

இடம்பெயர்ந்துபோகும் அந்தக் கிராமம் புதிய கிரகத்தில் இறங்கிவிட்டதா என்று கேட்டேன்.

"இறங்கிட்டாங்க அக்கா. இப்ப கிணறு வெட்டுறாங்க" என்றாள்.